நாகையில் கப்பல் ஏறி யாழ்ப்பாணத் தீவுகளுக்கு: டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போட்டு, பணமும் கணக்கில் ஏறிய பிறகுதான் டெல்டாவில் கையில் காசும் உடம்புக்கு ஓய்வும் ஒன்றாகச் சேரும். மாசியும் பங்குனியும் அப்படிப்பட்ட மாதங்கள். பாக் நீரிணை அடங்கிக் கிடப்பதும் அப்போதுதான். ஆனாலும் தீவுச் சுற்றுலா என்று பேச்சு வந்தால் அந்தமானுக்கும் மாலத்தீவுக்கும் பேக்கேஜ் விசாரிக்கிறோம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை சுமார் 110 கிலோமீட்டர்தான். கப்பலில் நாலு மணி நேரம். கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போக அதைவிட நேரமாகும்.

காங்கேசன்துறையில் இறங்கினால் யாழ்ப்பாணக் குடாநாடு. அதற்கு மேற்கே கடலில் மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, காரைநகர், நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு என்று தீவுக்கூட்டம். சிலவற்றுக்குக் கடல் நடுவே ரோடு போட்டிருக்கிறார்கள், சிலவற்றுக்குப் படகு மட்டும்தான். தண்ணீருக்கு மேல் கண்ணாடித் தரை போட்ட குடிலும் பாராசூட் சவாரியும் வேண்டுமென்றால் இது உங்களுக்கான இடமில்லை. தமிழிலேயே பேசிக்கொண்டு, பனங்கூடலுக்கு நடுவே சைக்கிள் மிதித்து, முழங்கால் அளவுத் தண்ணீரில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க முடியுமென்றால் மேலே படியுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்தில் எந்த நாளைத் திட்டமிட்டாலும் அன்றைய கடைசிப் படகிலிருந்து பின்னோக்கித்தான் போட வேண்டும். எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதல் படி: காற்றைப் பார்த்துத் தேதி குறியுங்கள்

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றையும் மறந்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் இந்தக் கடல் கப்பலுக்கு ஒத்துவராது. 2023 அக்டோபர் 14 அன்று கொடியசைத்துத் தொடங்கிய சேவை சில நாளிலேயே மழைக்காலத்துக்காக நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ கப்பலுடன் மறுபடி ஓடியது. அந்த வருடமும் நவம்பரில் நின்று 2025 பிப்ரவரியில்தான் திரும்ப வந்தது. வாடைக்காற்று வீசும் மாதங்களுக்குத் திட்டம் போட்டால் டிக்கெட் பணத்தைத் திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் ஏப்ரல் கடைசியும் மே முதல் வாரமும் சரிப்படும், ஆனால் வெயில் கொளுத்தும். வைகாசி தொடங்கினால் அந்தப் பக்கத்தில் சோளகக் காற்று என்று சொல்லும் தென்மேற்குக் காற்று கிளம்பிவிடும். பெரிய கப்பலுக்கு அது பெரிதில்லை. நெடுந்தீவுக்குப் போகும் சின்னப் படகைத் தூக்கிப் போடும். குமட்டல் எளிதில் வருகிறவர்கள், வயதானவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

திருவிழா பார்க்க வேண்டுமென்றால் கணக்கு வேறு. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் பெருவிழா ஆனியில் வரும். நல்லூர் கந்தசுவாமி கோயிலில் ஆடி அமாவாசைக்குப் பிறகு ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் நடக்கும். இரண்டுக்கும் வெளிநாட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் கூட்டமாக ஊர் திரும்புவார்கள். ரூம் கிடைப்பதே பாடு. குறுவைக்குத் தண்ணீர் வந்து வயலில் வேலை இருக்கும் நேரமும் அதுதான் என்பதால் நம்மில் பாதிப்பேருக்குத் தோதுப்படாது.

இன்னொன்று, ஒவ்வொரு பௌர்ணமியும் இலங்கையில் போயா விடுமுறை. நயினாதீவில் பௌத்த விகாரையும் இருப்பதால் அன்று தென்னிலங்கையிலிருந்து பஸ் பஸ்ஸாக வருவார்கள், படகுத்துறையில் வரிசை நீளும். மதுக்கடைகளும் அன்று மூடியிருக்கும். ஏப்ரல் 13, 14 புத்தாண்டு நாட்களில் பஸ்ஸும் கடையும் குறைவு. இந்த நாட்களைக் காலண்டரில் பார்த்துத் தள்ளி வையுங்கள்.

இரண்டாம் படி: காகிதங்கள்

பாஸ்போர்ட் கட்டாயம். திரும்பும் தேதிக்கு அப்புறமும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இல்லாதவர்களுக்குத் தஞ்சாவூரிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. குடும்பமாகப் போகிறீர்கள் என்றால் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் கையில் வந்த பிறகே கப்பல் டிக்கெட் போடுங்கள். ஒருவருக்குப் போலீஸ் விசாரணை இழுத்தாலும் மொத்தத் திட்டமும் நின்றுபோகும்.

இலங்கைக்கு ஈ.டி.ஏ. என்னும் பயண அனுமதியை இணையத்திலேயே வாங்கலாம். இந்தியர்களுக்கான கட்டணமும் சலுகையும் அடிக்கடி மாறுகிற விஷயம். விண்ணப்பிக்கும் அன்றைக்கு இலங்கைக் குடிவரவுத் துறையின் அதிகாரப்பூர்வத் தளத்தில் பார்த்து, அங்கேயே கட்டுங்கள். அதே மாதிரி தோற்றத்தில் இடைத்தரகர் தளங்கள் நிறைய இருக்கின்றன, இரண்டு மடங்கு பிடுங்குவார்கள். அனுமதிக் கடிதத்தை அச்செடுத்து இரண்டு பிரதி வையுங்கள். போனில் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், வரிசையில் நிற்கும்போது பார்த்துச் சார்ஜ் தீரும்.

கப்பல் எந்தெந்தக் கிழமை ஓடுகிறது என்பதும் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. போகும் டிக்கெட், வரும் டிக்கெட் இரண்டையும் ஒன்றாகப் போட்டு, திரும்பும் தேதிக்குப் பின்னால் இரண்டு நாள் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். கடல் முரண்டு பிடித்தால் கப்பல் ரத்தாகும். கடலே வேண்டாம் என்கிறவர்களுக்காகத் திருச்சியிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு 2025 மார்ச் கடைசியில் விமான சேவையும் தொடங்கியது. கப்பல் ரத்தானால் மாற்று வழியாகவும் அதை மனதில் வைத்திருக்கலாம்.

மூன்றாம் படி: பணம், போன், பை

இந்திய ரூபாய் நோட்டாக ஒருவர் 25,000 வரைதான் வெளியே எடுத்துப்போகலாம். நம் ஒரு ரூபாய்க்கு மூன்றரை இலங்கை ரூபாய் அளவில் கிடைக்கும். யாழ்ப்பாண டவுனில் உரிமம் பெற்ற கடையில் மாற்றுங்கள். தீவுகளுக்கு வேண்டிய பணத்தை டவுனிலேயே சில்லறையாக வைத்துக்கொள்வது முக்கியம். படகுக்காரரிடமும் இளநீர் கடையிலும் 5,000 ரூபாய்த் தாளை நீட்டினால் முகம் சுளிப்பார்கள்.

சிம் கார்டு டவுனில் பாஸ்போர்ட் காட்டி வாங்கலாம். பல இடங்களில் சுவர் பிளக் தடித்த மூன்று தட்டைக் கால் வகை, நம் சார்ஜர் நுழையாது. அடாப்டர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் நம் நேரமேதான், கடிகாரத்தைத் தொட வேண்டாம்.

கப்பலில் பைக்கு எடை வரம்பு உண்டு, மிஞ்சினால் கூடுதல் கட்டணம். அதனால் நம் வழக்கப்படி புளியோதரை தூக்கு, முறுக்கு டின், மாற்றுப் புடவை பத்து என்று கட்டக்கூடாது. பருத்தி உடை, ஒரு வேட்டி, தொப்பி அல்லது குடை, ரப்பர் செருப்பு, ஒரு நீர்புகாப் பை, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், நாலு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். போதும். காப்பி இல்லாமல் காலை விடியாது என்கிற கும்பகோணத்துக்காரர்கள் மட்டும் பொடியும் சின்ன ஃபில்டரும் எடுத்துப் போங்கள். அங்கே டீதான் ராஜா, காப்பியை நம்பிப் போனால் தலைவலிதான் மிஞ்சும்.

நான்காம் படி: நாகையில் ஒரு இரவு, பிறகு கப்பல்

கப்பல் காலையில் கிளம்பும். சுங்கம், குடியகல்வுச் சோதனைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே துறைமுகத்தில் நிற்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்து விடியற்காலை கார் எடுத்து ஓடி வருவதைவிட முதல் நாள் மாலையே நாகை வந்து தங்குங்கள். சிக்கல் சிங்காரவேலரையோ நாகூர் தர்காவையோ பார்த்துவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்துவிடலாம்.

காலையில் இட்லி இரண்டோடு நிறுத்துங்கள். பூரி, பொங்கல், நெய் வடை எல்லாம் கடலில் கேள்வி கேட்கும். வெறும் வயிறும் ஆகாது. குமட்டலுக்கு மாத்திரை போடுவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு, கப்பல் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி வர ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. உள்ளே போனதும் நடுப்பகுதி சீட்டைப் பிடியுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. போன் பார்க்காமல் தூரத்தில் தொடுவானத்தைப் பார்ப்பது உதவும்.

ஐந்தாம் படி: முதல் நாள் மதியம் கீரிமலை

காங்கேசன்துறையில் இறங்கியதும் எல்லாரும் நேராக யாழ்ப்பாண டவுனுக்கு ஓடுகிறார்கள். கீரிமலை பக்கத்திலேயே இருக்கும்போது அப்படிப் போவது வீண். ஆட்டோ பேசிப் பையோடு அங்கே போய்விட்டு, மாலையில் டவுனுக்குப் போங்கள்.

கடலை ஒட்டிய நன்னீர் ஊற்று அது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி. ஆண்கள் கேணியின் சுவருக்கு அந்தப் பக்கம் அலை அடித்துக்கொண்டிருக்கும், இந்தப் பக்கம் உப்பே கரிக்காத தண்ணீர் குளிர்ந்து கிடக்கும். படிக்கட்டில் பாசி வழுக்கும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே நகுலேஸ்வரம் கோயில். ஈழத்தின் பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்று.

ஆற்றங்கரையில் பிறந்த நமக்கு இந்தக் கேணி ஒரு பாடம் எடுத்துவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மழைத்தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. குடிப்பது, குளிப்பது, புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் பாய்ச்சுவது எல்லாம் அந்தக் கிணற்று நீர்தான். அதிகமாக இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலேறிவிடும். தங்கும் வீட்டில் மோட்டார் போட்டுவிட்டு அரை மணி நேரம் குளிக்கும் பழக்கத்தை நாகையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். தீவுகளில் நிலைமை இன்னும் இறுக்கம்.

ஆறாம் படி: எங்கே தங்குவது

யாழ்ப்பாண டவுனிலோ நல்லூர்ப் பக்கமோ தங்கிக்கொண்டு தினம் ஒரு திசையில் போய்வருவது சுலபம். சாதாரண விடுதியிலிருந்து வசதியான ஹோட்டல் வரை கிடைக்கிறது. வீட்டோடு சேர்ந்த விடுதிகள்தான் என் தேர்வு. காலையில் இடியப்பமும் சொதியும் வரும், எந்தப் படகு எப்போது என்ற சரியான தகவலும் அந்த அம்மாவிடமே கிடைக்கும். மொத்தம் நாலு இரவு வைத்துக்கொண்டு, அதில் ஒன்றை நெடுந்தீவுக்கு ஒதுக்குங்கள். காரணம் கீழே வருகிறது.

வாடகை ஸ்கூட்டரில் ஆசை வேண்டாம். நம் ஓட்டுநர் உரிமம் மட்டும் அங்கே செல்லாது, அவர்கள் தரும் தற்காலிக அனுமதியும் வேண்டும். அது இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் காப்பீடும் கை கொடுக்காது. பஸ், ஆட்டோ, சைக்கிள் மூன்றும் தாராளமாகப் போதும்.

ஏழாம் படி: நயினாதீவு, அரை நாள்

டவுன் பஸ் நிலையத்திலிருந்து குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்தப் பஸ் பயணமே பார்க்க வேண்டிய ஒன்று. பண்ணைப் பாலம் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். கம்பு நட்டு வலை கட்டியிருப்பார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் நடந்துபோய்க்கொண்டிருப்பார், கரை எங்கே என்றே தெரியாது. வேலணை தாண்டி, இன்னொரு கடல்பாதை வழியாகப் புங்குடுதீவு, அதன் முனையில் குறிகட்டுவான் துறை.

நயினாதீவுக்குப் படகு அடிக்கடி உண்டு. கால் மணி, இருபது நிமிடத்தில் போய்விடும். பிள்ளைகள் இருந்தால் ஏறும்போதே லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கி மாட்டிவிடுங்கள். ஒருபுறம் நாகபூசணி அம்மன் கோயில், சற்றுத் தள்ளி நாகதீப விகாரை. கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். நல்லூரிலும் இதே வழக்கம், கண்டிப்பாகப் பார்ப்பார்கள். விகாரையில் தொப்பியும் செருப்பும் ஆகாது, தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பது இலங்கையில் பெரிய தப்பு.

பூம்புகாரிலிருந்து மணிமேகலா தெய்வம் மணிமேகலையைத் தூக்கிப்போன மணிபல்லவம் இந்த நயினாதீவுதான் என்று சொல்பவர்கள் உண்டு. அவள் அமுதசுரபி பெற்றதும் மணிபல்லவத்தில்தான். கோயில் அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றே பெயர். மதியம் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, உண்டியலில் முடிந்ததைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். சீர்காழி, மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் ஊரைச் சொன்னால் பேச்சு கொஞ்சம் நீளும்.

எட்டாம் படி: நெடுந்தீவு, ஒரு இரவோடு

இதுதான் பயணத்தின் மையம். கூட்டத்தில் இருக்கும் ஒன்றிரண்டு பேர் ‘அங்கே என்ன இருக்கு, வெறும் கல்லும் பனையும்’ என்பார்கள். அவர்களை டவுனில் விட்டுவிட்டுப் போனாலும் பரவாயில்லை.

படகு அதே குறிகட்டுவானிலிருந்து. ஒரு மணி நேரப் பயணம். காலையில் போகும், பிற்பகலில் திரும்பும், நாளுக்குச் சில தடவைதான். நேரத்தை முதல் நாளே விசாரித்து வையுங்கள். துறையில் டிக்கெட் என்று பெரிய ஏற்பாடு எதிர்பார்க்காதீர்கள். ஊர்க்காரர்களுக்கு முதலில் இடம், அது நியாயம். அவர்களுக்கு அது டவுன் பஸ். படகின் கீழ்த்தளத்தில் சிமெண்ட் மூட்டை, கேஸ் சிலிண்டர், கோழித்தீவன மூட்டை, அவற்றின் மேலே சாய்ந்து தூங்கும் பள்ளிக்கூட ஆசிரியர். டீசல் வாசம் தலைக்கேறும், காற்றோட்டமான இடமாகப் பார்த்து உட்காருங்கள். “பிந்தினால் நாளைக்குத்தான் தம்பி” என்று இறங்கும்போது படகுக்காரர் சொல்வது விளையாட்டுக்கு இல்லை.

காலையில் போய் மதியமே திரும்புகிறவர்களுக்கு மூன்று, நாலு மணி நேரம்தான் கிடைக்கும். மாவிலித்துறையில் ஆட்டோவோ, பட்டா என்று அவர்கள் சொல்லும் குட்டி லாரியோ பிடித்து, வேகவேகமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு ஓடி வர வேண்டும். தீவு சுமார் 50 சதுர கிலோமீட்டர், அவ்வளவு சின்னதில்லை. அதனால்தான் ஒரு இரவு தங்கச் சொல்கிறேன். சில விடுதிகளும் வீடுகளும் இருக்கின்றன. முன்கூட்டியே போனில் பேசி, இரவுச் சாப்பாட்டையும் சொல்லிவிட வேண்டும். சைவம் என்றால் இரண்டு தடவை சொல்லுங்கள், மீன் இல்லாத சாப்பாடு அங்கே விசேஷத் தயாரிப்பு. சுற்றுலாக்காரர்களோடு கடைசிப் படகு போன பிறகு சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் தீவு முழுக்க உங்களுடையது.

பார்க்க வேண்டியதில் முதலில் வேலிகள். யாரும் இதற்குப் பலகை வைக்கவில்லை, ஆனால் எனக்கு இதுதான் பெரிது. முருகைக்கல் என்று சொல்லும் பவளப்பாறைத் துண்டுகளைச் சாந்து எதுவுமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு வளவையும், அதாவது வீட்டு மனையையும், சுற்றி இடுப்பு, மார்பு உயரத்துக்கு எழுப்பியிருக்கிறார்கள். கிட்டே போய்ப் பாருங்கள். ஒரு கல்லில் தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகள், அடுத்ததில் வளைந்து வளைந்து போகும் கோடுகள், இன்னொன்றில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள். எல்லாம் ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்தவை. கல்லைப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். ஒன்றை எடுத்தால் வரிசையே சரியும்.

அடுத்து பெருக்க மரம். பாவோபாப் என்னும் ஆப்பிரிக்க மரம், அராபிய வணிகர்கள் கொண்டுவந்திருக்கலாம் என்று சொல்கிறார்கள். அடிமரத்தில் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து. கோட்டை போர்த்துக்கீசர் காலத்தது, பிறகு டச்சுக்காரர்கள் கைக்குப் போனது. அதுவும் முருகைக்கல்தான், இடிந்து கிடக்கிறது. நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்தது 1658 என்ற ஒரே வருடத்தில். செய்தி அனுப்பப் புறா வளர்த்த கூடு ஒன்று தூண் மேல் நிற்கிறது, அதையும் வழியில் பார்த்துக்கொள்ளலாம். வளரும் கல், பெரிய பாதச்சுவடு என்றெல்லாம் ஆட்டோக்காரர் காட்டுவார். நேரமிருந்தால் போங்கள்.

குதிரைகளுக்கு மட்டும் நேரம் ஒதுக்க வேண்டும். தெற்குப் பக்கம் திறந்த வெளியில் கூட்டமாக மேயும். ஐரோப்பியர் காலத்தில் வளர்த்தவற்றின் வழிவந்து, யாருக்கும் சொந்தமில்லாமல் திரிகின்றன. அந்தப் பகுதியின் ஒரு பங்கு 2015 முதல் தேசியப் பூங்கா. காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பிறகும் போனால் கிட்டத்தில் பார்க்கலாம். பிஸ்கட் போடாதீர்கள், துரத்தாதீர்கள். குட்டி இருக்கும் தாய்க்குதிரை உதைத்தால் எலும்பு முறியும், தீவில் இருப்பதோ சின்ன ஆஸ்பத்திரி. கோடையில் அவை தண்ணீருக்குத் தவிப்பதைப் பார்க்கும்போது ஊற்றுக் கிணறுகளின் அருமை தெரியும்.

நிழல் குறைவு, பனை நிழலை நம்ப முடியாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குறிகட்டுவானிலேயே வாங்கிக்கொண்டு ஏறுங்கள். காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். குப்பையை அள்ளிப்போக அங்கே லாரி காத்திருக்கவில்லை.

ஒன்பதாம் படி: காரைநகரில் கடல் குளியல்

கடற்கரை நாளைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், நடந்து களைத்த உடம்புக்கு அப்போதுதான் அது தேவைப்படும். காரைநகருக்கு ரோடு உண்டு, பஸ் போகும். கசூரினா கடற்கரையில் சவுக்கு மர நிழல், உள்ளே வெகுதூரம் நடந்தாலும் இடுப்பைத் தாண்டாத தண்ணீர். நாகை, வேளாங்கண்ணி அலையைப் பார்த்துப் பழகிய நமக்குக் குளம் போலத்தான் இருக்கும். அதற்காக அசட்டையும் ஆகாது. உயிர்காப்பாளர் குறித்த எல்லைக்குள் குளியுங்கள், சொறி மீன் என்னும் ஜெல்லி மீன் தென்பட்டால் வெளியே வந்துவிடுங்கள். பெண்கள் சுடிதாரோடே இறங்குவது அங்கே சாதாரணம், யாரும் முறைத்துப் பார்க்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவிர்த்துவிடுங்கள், பாட்டும் கூட்டமுமாக இருக்கும்.

அங்கிருந்து ஊர்காவற்துறைக்கு, பாதை என்று அவர்கள் சொல்லும் சின்னப் படகு ஒன்று கடக்கிறது. நடுக்கடலில் கடற்கோட்டை தெரியும். அக்கரையில் பஸ் பிடித்து வேலணை வழியாக டவுனுக்கு வந்தால் ஒரு வட்டம் முடியும். போன வழியே திரும்புவதைவிட இது எவ்வளவோ மேல். வழியில் சாட்டிக் கடற்கரையில் இறங்கி இன்னொரு முழுக்கும் போடலாம்.

சாப்பாடு

ஒடியற்கூழை விட்டுவிடாதீர்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டுப் புளியும் மிளகாயுமாகக் காய்ச்சுவார்கள். எல்லாக் கடையிலும் கிடைக்காது, விடுதி அம்மாவிடம் முதல் நாளே கேட்டால் வழி பண்ணுவார். யாழ்ப்பாணத்து நண்டுக் கறியின் காரம் நம்ம காரம் இல்லை, பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் ஒரு வாய் பார்த்துக்கொள்ளுங்கள். சைவக்காரர்களுக்குப் பிட்டு, சொதி, கத்தரிக்காய்க் குழம்பு, டவுனில் சைவக் கடைகள் தாராளம். பருத்தித்துறை வடை நம் தட்டைக்கு உறவு, வழிப்பயணத்துக்கு நல்லது. மே மாதத்துக்கு மேல் போனால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் அகப்படும், அதைப் பற்றி நான் எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது.

பேச்சில் கவனம்

மொழி ஒன்று என்பதால் எல்லாவற்றையும் கேட்டுவிடலாம் என்று தோன்றும். போரைப் பற்றி நீங்களாகக் கிண்டாதீர்கள், அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நெடுந்தீவு மக்கள் போய்வரும் ‘குமுதினி’ படகில் 1985 மே 15 அன்று பயணிகளை வெட்டிக் கொன்ற சம்பவம் நடந்தது. அந்தக் குடும்பங்கள் இன்னும் அதே தீவில்தான் இருக்கின்றன. சினிமா வசனம் பேசுவதற்கான இடம் அது இல்லை.

கடலடியை வாரிப்போகும் இழுவைமடி வலை விவகாரமும் அப்படித்தான். நம் பக்கத்து விசைப்படகுகள் எல்லை தாண்டி வந்து வலையை அறுத்துப் போகின்றன என்பது தீவகத்து மீனவர்களின் பல வருடக் குறை. இலங்கை 2017இல் அந்த முறைக்குச் சட்டத் தடையே கொண்டுவந்தது. நாகை மாவட்டத்துக்காரர் என்று தெரிந்ததும் யாராவது கேட்பார்கள். இலங்கைச் சிறையிலிருக்கும் மீனவர்களின் குடும்பம் அக்கரைப்பேட்டையில் படும் பாட்டையும் சொல்லுங்கள், அவர்கள் அறுந்த வலைக்குச் சொல்லும் கணக்கையும் கேளுங்கள். வாக்குவாதத்தில் ஜெயித்து ஊர் திரும்பி ஒன்றும் ஆகப்போவதில்லை.

கடற்படை முகாம்களைப் படம் எடுக்க வேண்டாம். டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் பறிமுதல்தான். அவசரத்துக்கு 1990 என்ற எண்ணில் இலவச ஆம்புலன்ஸ் வரும், இந்தியா நிதி கொடுத்துத் தொடங்கிய சேவை அது. போலீஸுக்கு 119.

திரும்பும் நாள்

கப்பல் பிற்பகலில் காங்கேசன்துறையிலிருந்து கிளம்பும். முந்தின இரவு தீவில் தங்க வேண்டாம், காற்று கிளம்பிப் படகு நின்றுவிட்டால் கப்பலும் போய்விடும். பனங்கட்டி, அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியல், பனையோலைப் பெட்டி ஆகியவற்றை டவுனில் பாக்கெட் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். மாம்பழம், செடி, விதை வேண்டாம், சுங்கத்தில் வாங்கிப் போட்டுவிடுவார்கள். கரையில் பொறுக்கிய பவளத் துண்டும் அதே கதிதான்.

நாகையில் இறங்க மாலையாகிவிடும். குடிவரவு வரிசை, பை சோதனை எல்லாம் முடிந்து வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேலேயே பிடிக்கும். அன்றைக்கே ரயில் போட்டிருந்தால் இடையில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். இல்லாவிட்டால் ரயிலை மறந்துவிட்டு நாகை பஸ் நிலையத்துக்குப் போங்கள். திருவாரூர், தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கத்துக்கு பஸ் கிடைத்துவிடும்.